கப்பல் வீட்டுக்குப் பக்கத்து வீடு

"உன் வீட்டை இடிக்கவே கூடாதுன்னு சர்க்கார்ல எழுதிக் குடுத்துட்டாங்க. என் வீட்டை இடிச்சா என்ன, வெச்சா என்னன்னு அதே சர்க்கார்லதான் எழுதிக் குடுத்தாங்க. இதுக்குத்தானேடி மைக்கைப் பிடிச்சே?"

கேட்டீர்களா? உங்கள் காதிலும் விழுந்திருக்குமே. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தியது புனிதவதி அக்கா. பக்கத்து வீடு. தை மாதத்திலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு கோயம்புத்தூருக்குப் போகிற இன்றைக்கு, லாரியில் பீரோ ஏறிக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்திருக்கிறாள். திறந்தால் வருவது இது. நானும் சுடச்சுடப் பதில் கொடுத்திருப்பேன். அதற்குள் நீங்கள் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டில் வந்து நின்றுவிட்டீர்கள். அவள் பிழைத்தாள்.

உள்ளே வாருங்கள். உட்காருங்கள். ஐயோ, அந்த நாற்காலியில் வேண்டாம். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதில் உட்காருவதற்கு இப்போது யாரைக் கேட்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. இப்படி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருங்கள். அதை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

செருப்பைக் கொடுங்கள், ஊக்கு போட்டுத் தருகிறேன். அவசரப்படாதீர்கள், பழைய வீடு பார்க்க வந்த உங்கள் கூட்டம் எங்கேயும் போய்விடாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கிறேனே. அந்தத் தொப்பிக்காரர் கழுத்தில் மைக்கைக் கட்டிக்கொண்டு என் வீட்டைப் பற்றி ஆரம்பித்தால் பால்கனி, கைப்பிடி, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டில் இட்லி ஒரு ஈடு இறங்கிவிடும். அவர் பக்கத்தில் ஜிப்பா போட்டுக்கொண்டு தூணைத் தடவியபடி நிற்கிறாரே, அவர்தான் என் வீட்டுக்காரர். தயாளன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து ரிட்டையர் ஆனவர். போன வருஷம் வரைக்கும் இந்த வீட்டைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை "ஒழுகுது". இப்போது "ஆர்ட் டெகோ" என்கிறார். பால்காரரிடம் சொல்கிறார். பால்காரர் ஏதோ வியாதி என்று நினைத்துக்கொண்டு, "பார்த்துக்குங்க சார், இந்த வயசுல வரும்" என்றார்.

இந்த வீட்டை எழுப்பியது இவருடைய தாத்தா. மர வியாபாரம். ஏதோ கணக்கு தீர்க்க பம்பாய்க்குப் போனாராம். கடற்கரையோரம் கப்பல் மாதிரி வளைத்து வளைத்துக் கட்டிய வீடுகளைப் பார்த்தாராம். அந்த மோஸ்தருக்குத்தான் ஆர்ட் டெகோ என்று பெயராம். திரும்பி வந்து அதே மாதிரி வேண்டும் என்று புரசைவாக்கத்தில் கட்டினார். வட்ட ஜன்னல், வளைந்த பால்கனி, மேல்தளத்தில் இரும்புக் குழாய்க் கைப்பிடி, உச்சியில் கொடிக்கம்பம் வேறே. கப்பல் வந்துவிட்டது, கடல் வரவில்லை. பக்கத்தில் இருப்பது ஓட்டேரிக் கால்வாய். அதன் வாசனைக்குக் கப்பலென்ன, ஓடம்கூட நிற்காது.

நான் கல்யாணமாகி வந்தபோது வேப்பேரியில் கான்வென்ட் முடித்து, காலேஜில் இங்கிலீஷ் இலக்கியமும் முடித்திருந்தேன். வாசலில் ஆரத்தி எடுக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு வட்ட ஜன்னல் என்னையே முறைத்துப் பார்த்தன. வட்டத்துக்கு எந்தத் தையல்காரர் திரை தைத்துக் கொடுப்பார், சொல்லுங்கள்? பாவாடை மாதிரி ஒன்று தைத்துக் கொடுத்தார். மாட்டினால் காற்றில் ஆடியது. என் மாமனார், "யாரது ஜன்னல்ல?" என்று கத்தினார். கழற்றிவிட்டேன்.

ஆனால் பக்கத்து வீடு! அதுதான் வீடு. முன்னால் ஆறு தூண். சுண்ணாம்பைக் குழைத்து இழைத்து இழைத்துக் கண்ணாடி மாதிரி பளபளவென்று. உள்ளே முற்றம், தலைக்கு மேலே தேக்கு உத்தரம். எங்கள் கான்வென்ட் முகப்பு அப்படியே. கொஞ்ச நாள் நான் இந்த வீட்டு ஜன்னல் வழியாக அந்த வீட்டைப் பார்த்துத்தான் காலத்தை ஓட்டினேன். அந்த வீட்டிலிருந்து புனிதா அக்கா இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "எங்க வீடு சத்திரம் மாதிரி இருக்கு, உங்க வீடுதான் புது மோஸ்தர்" என்பாள். ரசனை அவ்வளவுதான்.

என் சமையலறை ஜன்னலும் அவள் சமையலறை ஜன்னலும் நேர் எதிரெதிர். நடுவில் மதில் மட்டும். முதலில் "நீங்க" என்றுதான் பேசினேன், என்னைவிடப் பெரியவள். ஒரு மழைக்காலத்துக்குள் "நீ" ஆகிவிட்டது. அவள் தாளிக்கும்போது நான் பேச்சை நிறுத்துவேன். நான் மிக்ஸி போடும்போது அவள் நிறுத்துவாள். மற்றபடி நிறுத்தியதில்லை. என் பிரசவம், அவள் வீட்டுக்காரர் ஏகாம்பரம் அண்ணன் போனது, என் மகள் கனடாவுக்குப் போனது, எல்லாம் அந்த இரண்டு ஜன்னலுக்கு நடுவிலேயே பேசித் தீர்த்தோம். ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போனதுகூடக் குறைவு. எதற்குப் போக வேண்டும்?

ஏகாம்பரம் அண்ணன் இருந்தபோதே அந்த வீட்டைக் கொஞ்சம் புதுப்பித்தார்கள். கரையான் என்று உத்தரத்தை எடுத்துவிட்டுக் கான்கிரீட். திருட்டு பயம் என்று முற்றத்துக்கு மேலே ஷீட். தூணுக்குச் சுண்ணாம்பு இழைக்க வருஷா வருஷம் ஆள் பிடிக்க முடியவில்லை என்று டைல்ஸ். டைல்ஸ் எடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கான்வென்ட்டில் படித்தவள், நிறம் பார்க்கத் தெரியும் என்று. பிஸ்தாப் பச்சையில் சின்னதாக ஒரு பூ. நன்றாகத்தான் இருந்தது. இப்போது அதற்கென்ன, விடுங்கள்.

எங்கள் வீட்டிலும் மாற்றலாம் என்று நான் தொண்டை கிழியக் கேட்டேன். என் மாமனார் ஒரு ஸ்விட்சை மாற்ற விடமாட்டார். "எரியுதில்ல? அப்புறம் எதுக்கு?" என்பார். வட்ட ஜன்னலைச் சதுரமாக்கலாம் என்றேன். "உனக்கு வெளிச்சம் வேணுமா, சதுரம் வேணுமா?" என்றார். கஞ்சன். அப்பழுக்கில்லாத கஞ்சன். அவர் போன பிறகு இவர். அப்பாவிடமிருந்து வேறெதுவும் வரவில்லை, அது மட்டும் முழுசாக வந்தது. மாற்ற வழியில்லாதபோது என்ன செய்வது? துடைத்தேன். இந்தத் தரை இருக்கிறதே, சிவப்பும் கறுப்புமாக வளையம் வளையமாக, வெள்ளிக்கிழமைதோறும் மண்டி போட்டு நான் துடைத்தது. உங்கள் பொருளை உங்களால் மாற்ற முடியாவிட்டால் சுத்தமாகவாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் சிஸ்டர் பெர்னதெத் சொல்வார். அவர் எங்கள் மூஞ்சியைப் பற்றிச் சொன்னார். நான் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஆனி மாதம், டேப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் அக்கா வீட்டை அளந்தார்கள். பில்டர் ஆட்கள். அவள் மகன் குமரவேலு கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, "வித்துட்டு இங்க வந்துடும்மா" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் ஜன்னலில் நின்று, கையில் பாதி நறுக்கிய பீர்க்கங்காயோடு, "நீ என்ன சொல்றே பிரமி?" என்று கேட்டாள்.

நான் என்ன சொல்வேன்? "உன் வீடு, உன் இஷ்டம்க்கா" என்றேன். பிறகு என்ன சொல்வது? அடுத்தவர்கள் சமாசாரத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது. எங்களை அப்படி வளர்க்கவில்லை.

ஆனால் ஐந்து மாடி என்றார்கள். யோசித்துப் பாருங்கள். ஐந்து மாடி எழும்பினால் என் மொட்டை மாடிக்கு வெயில் ஏது? வடாம் எங்கே காயும்? ஐந்து பால்கனியில் ஐந்து பேர் நின்று என் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பார்ப்பார்கள். கீழே கார் நிறுத்தும் இடம். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே யாருடைய பம்பரோ இருக்கும். பம்பரோடு நான் என்ன பேசுவது? அதற்காகத்தான் போனேன். வேறொன்றும் இல்லை. வெயில், வடாம். அவ்வளவுதான்.

போனேன் என்றால், கூட்டத்துக்கு. பழைய கட்டடங்களை இடிக்காமல் காப்பாற்ற சர்க்கார் ஒரு கமிட்டி போட்டிருந்தது. பெயர் நீளம், தொன்மை, எழில், மரபு எல்லாம் வரும், மூச்சு வாங்கும். நான் பழங்கட்டடக் கமிட்டி என்பேன். எங்கள் பகுதியில் எதையெதைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று பொதுமக்களைக் கேட்கிறார்கள், கெல்லீஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் என்று பேப்பரில் போட்டிருந்தது. பட்டியலில் ஏறிவிட்டால் வீட்டை இடிக்கவே முடியாதாம். அக்கா வீட்டை ஏற்றிவிட்டால் பில்டர் கதை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் பேசியவர்கள் எல்லாம் ஆண்பிள்ளைகள். ஒருத்தர் தன் தாத்தா கட்டிய தண்ணீர்த் தொட்டி. ஒருத்தர் நின்றுபோன கடிகாரம். ஒருத்தர் எந்தக் கட்டடத்தையும் சொல்லவில்லை, கார்ப்பரேஷனைத் திட்டிவிட்டு உட்கார்ந்தார். மேடையில் இருந்த அதிகாரி போனைத் தடவிக்கொண்டிருந்தார். நான் மைக்கை வாங்கினேன்.

பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் வருஷா வருஷம் கோப்பை வாங்கியவள். முதல் வாக்கியத்திலேயே அதிகாரி போனைக் கீழே வைத்துவிட்டார். இங்கிலீஷில்தான் பேசினேன், தமிழில் பேசினால் "உட்காருங்கம்மா" என்பார்கள். அந்தத் தூண்களைச் சொன்னேன். முற்றத்தில் வெளிச்சம் விழுவதைச் சொன்னேன். மார்கழியில் அந்த வெளிச்சத்தில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு பெண்மணி கீரை ஆய்வதைச் சொன்னேன். கொஞ்சம் பழைய நிலவரம்தான். முற்றத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஆனால் பேச்சு என்றால் அதன் பாட்டுக்கு வரும், நடுவில் நிறுத்தி ஷீட் போட்டதையெல்லாம் சொல்ல முடியுமா? கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இவர் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தாடி வைத்த ஒரு புரொபசர் வந்து என் விலாசத்தை வாங்கிக்கொண்டார்.

அக்காவிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? கமிட்டி வந்து நிற்கும்போது தானாகத் தெரியட்டும், ஆச்சரியப்படட்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சத்தம் கேட்கிறதா? வாஷிங் மெஷினை இறக்கித் தரையில் போடுகிறார்கள். மெதுவாக வையுங்கள் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. குமரவேலு காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இருங்கள், ஊக்கு வளைந்துவிட்டது. வேறு எடுக்கிறேன். மோர் குடிக்கிறீர்களா? குடியுங்கள். கறிவேப்பிலை போட்டிருக்கிறேன்.

புரட்டாசியில் வந்தார்கள். மூன்று பேர். அதிகாரி, தாடி புரொபசர், கைத்தறிப் புடவையில் ஒரு அம்மாள் கையில் டார்ச்சோடு. காலை நேரம். அக்கா ஜன்னலுக்கு வந்து, "பிரமி, யாரோ சர்க்கார் ஆளுங்க. இங்கிலீஷ் பேசறாங்க. ஓடி வா" என்றாள். நைட்டி மேலே துண்டு போட்டிருந்தாள். நான் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

புரொபசர் என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். "இந்த அம்மா உங்க வீட்டைப் பத்தி அன்னைக்குக் கூட்டத்துல எவ்வளவு அழகாப் பேசினாங்க தெரியுமா?" என்றார் அக்காவிடம்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். "என் வீட்டைப் பத்தியாடி? இங்கிலீஷ்லயா?" என்றாள். முகம் அப்படியே பூத்துவிட்டது. உள்ளே ஓடிப்போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். காலையில், கமிட்டிக்கு, அரக்குப் பட்டு! காபி கலந்தாள். ஏகாம்பரம் அண்ணன் படத்துக்கு விளக்கு ஏற்றினாள். மூன்று பேரையும் வரிசையாக உட்கார வைத்து, "நல்லாப் பாருங்க, எல்லாத்தையும் பாருங்க" என்றாள்.

பார்த்தார்கள். புரொபசர் தூணை விரலால் தட்டினார். "இது என்னம்மா?"

"டைல்ஸ் சார். பாத்ரூமுக்குப் போடறது. அழுக்கே பிடிக்காது. இவதான் செலக்ட் பண்ணினா."

நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேலே உத்தரம் எதுவும்..."

"எல்லாத்தையும் எடுத்துட்டோம் சார். கான்கிரீட். நீங்க மேல நின்னு குதிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

கைத்தறி அம்மாள் டார்ச்சை அடித்து முற்றத்தைத் தேடினார். அக்கா, "ஷீட்டும்மா, ஒரு சொட்டு விழாது" என்றாள். ஜன்னல்? "அலுமினியம்." கதவு? "பழசு கனமா இருந்துச்சு, குடுத்துட்டோம்." ஒவ்வொன்றையும் அவள் பெருமையாகச் சொல்லச் சொல்ல, அதிகாரி எழுதுவது குறைந்துகொண்டே வந்தது. அவளுக்குப் புரியவில்லை. "கிச்சன் பாருங்க, போன தீபாவளிக்குத்தான் மாடுலர் பண்ணினோம்" என்று கூட்டிக்கொண்டு போகிறாள். நான் கண் ஜாடை காட்டினேன். "என்னடி, கண்ணுல தூசியா?" என்றாள் எல்லார் முன்னாலும்.

அதிகாரி பேனாவை மூடினார். பாவம், தன்மையாகத்தான் சொன்னார். "வீட்டுக்கு வயசு இருக்கும்மா. ஆனா பாதுகாக்கிறதுக்கு உள்ளே ஒண்ணும் மிச்சம் இல்லையே."

"ஒண்ணும் இல்லையா?" என்றாள் அக்கா. சுற்றிப் பார்த்தாள். "நான் இருக்கேனே சார்?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நினைத்துவிட்டார்கள். நானும் சிரித்தேன் என்று இப்போது சொல்லித் திரிகிறாள். நான் சிரிக்கவில்லை. அவர்கள் சிரிக்கும்போது சும்மா நிற்பது மரியாதையாக இருக்காது என்று கொஞ்சம் பல் தெரிந்திருக்கலாம்.

அதோடு போயிருந்தால் தொல்லை இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்த புரொபசர் இந்த வீட்டைப் பார்த்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "இது யார் வீடு?" என்றார். குரலே மாறிவிட்டது. நான் வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால், உள்ளே வந்து பார்க்கலாமா என்று அத்தனை மரியாதையாக, அத்தனை நல்ல இங்கிலீஷில் ஒரு மனிதர் கேட்டால் கேட்டைச் சாத்தவா முடியும்?

உள்ளே வந்தார்களா, அவ்வளவுதான். புரொபசர் தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "யார் இதைப் பராமரிக்கிறது?" என்றார். "நான்தான்" என்றேன். "என்ன போட்டுத் துடைக்கிறீங்க?" "தண்ணி, பழைய வேட்டி, என் இடுப்பு." அந்த அம்மாள் ஸ்விட்சைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, டக் டக் என்கிற சத்தத்தை ரெக்கார்டு பண்ணினார். வட்ட ஜன்னலைத் திறந்து மூடி, திறந்து மூடி, மூன்று பேரும் குழந்தைகள் மாதிரி. மாடிப்படிக் கைப்பிடி, சூரியக் கதிர் போட்ட இரும்புக் கிராதி, அந்த நாற்காலி, என் மாமனாரின் கஞ்சத்தனம் எல்லாமே தேசியச் சொத்து ஆகிவிட்டது. நானும் சும்மா இருந்தேனா? மேலே இருக்கிற கண்ணாடி அலமாரியைத் திறந்து காட்டினேன், கொடிக்கம்பத்துக்குப் போகிற ஏணியைக் காட்டினேன். கேசரி கிளறினேன். முந்திரி போட்டு.

நடுவில் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா அந்தப் பட்டுப்புடவையோடு எதிர் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அவர்கள் குடித்த டம்ளர்கள். "நீயும் வாயேன்க்கா, கேசரி சாப்பிடு" என்றேன். டம்ளர்களோடு உள்ளே போய்விட்டாள். பழகிய ஒருத்திக்கு நல்லது நடந்தால் சந்தோஷப்பட வேண்டாமா? அவளுக்குள் இத்தனை பொறாமை இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தை மாதம் உத்தரவு வந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில், ஒரே தபால்காரர். எங்களுடையது முதல் தரப் பாரம்பரியக் கட்டடம். அவளுடையதற்கு ஒரே வரி, பட்டியலில் சேர்க்கத் தகுதியில்லை. குமரவேலு வந்திருந்த நேரம். அவன் சத்தமாகப் படித்துக் காட்டியது எனக்கே கேட்டது. அவள் திரும்பப் படிக்கச் சொன்னாள். மறுநாள் பில்டரை வரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அத்தனை மாதம் இழுத்தவள்! சாயங்காலம் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக நியூஸ்பேப்பர் ஒட்டியிருந்தது. அன்றையிலிருந்து அவள் என்ன தாளிக்கிறாள் என்று வாசனையை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

தெருவில் நாலு பேர், நான் போய்க் கூட்டத்தில் பேசியதால்தான் அவள் விற்றாள் என்கிறார்கள். அறிவு இருக்கிறதா இவர்களுக்கு? நான் பேசியது விற்காமல் இருக்க. விற்றது மகன் தொல்லையால். அந்தப் பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிவாதம்.

எனக்கு மட்டும் என்ன கிரீடம் வைத்தார்கள்? கொசுவலை அடிக்க அனுமதி கேட்டு மனு போட்டேன். வட்ட ஜன்னலின் தோற்றம் பாதிக்கப்படுமா என்று ஆராய்கிறார்களாம், இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். கொசு யாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறது? வளைந்த பால்கனியில் துணி காயப்போடக் கூடாதாம். இவருடைய பனியன் ஒன்று கொடியில் கிடந்ததற்கு, அந்தத் தொப்பிக்காரர் மைக்கிலேயே, "மேடம், அந்த உறுத்தலை மட்டும் எடுத்துடறீங்களா?" என்கிறார். நாற்பது வயதில் இருந்து நானும் அந்தப் பனியனைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது வேறே. ஒழுகுகிற இடத்தில் சிமென்ட் பூசக் கூடாது, பழைய முறைக் கலவைதான் பூச வேண்டும். அதற்கு ஆள்? கமிட்டியிடம் இல்லை. பணம்? அதுவும் இல்லை. அப்புறம் என்னதான் இருக்கிறது என்றேன். "பித்தளைப் பலகை குடுப்போம் மேடம்" என்றார்கள். மழைக்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

பங்குனியில் நேராக ஆபீசுக்கே போனேன். "பக்கத்து வீட்டைச் சேர்த்துக்குங்க. எங்க வீட்டை எடுத்துட்டு அதைப் போடுங்க" என்றேன்.

அதிகாரி, "இது என்ன ரேஷன் கார்டா மேடம், ஒரு பேரை எடுத்துட்டு இன்னொரு பேரைச் சேர்க்கறதுக்கு?" என்றார்.

புரொபசரும் அங்கே இருந்தார். நல்ல மனிதர். "அந்த வீட்டுல காப்பாத்த வேண்டியது என்னன்னு நீங்களே ஒண்ணு சொல்லுங்கம்மா. ஏதாவது ஒண்ணு. நான் எழுதிப் பார்க்கறேன்" என்றார்.

நான் யோசித்தேன். அத்தனை கோப்பை வாங்கியவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை, பாருங்கள். "ஜன்னல்" என்றேன்.

"எந்த ஜன்னல்?"

"சமையலறை ஜன்னல். எங்க ஜன்னலுக்கு எதிர்ல இருக்கு."

"மரமா?"

"அலுமினியம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெயிலில் அலைந்ததுதான் மிச்சம். கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த ரோட்டில் அவ்வளவு புழுதி.

இந்தாருங்கள், உங்கள் செருப்பு. மெதுவாக நடந்தால் வீடு வரைக்கும் தாங்கும். நானும் கேட் வரைக்கும் வருகிறேன். உங்களுக்காக இல்லை, இவரைக் கூப்பிட வேண்டும், டிபன் ஆறுகிறது.

லாரியில் கயிறு கட்டுகிறார்கள். அதற்குள் முடித்துவிட்டார்களா? அவ்வளவுதானா சாமான்? அதோ, அவள்தான். கேட்டுக்கு வெளியே நிற்கிறாளே, கையில் வயர் கூடையோடு. பாருங்கள், கட்டியிருப்பது அந்த அரக்குப் பட்டு. பஸ்ஸிலோ காரிலோ அத்தனை தூரம் போகிறவள் யாராவது பட்டு கட்டுவார்களா? சொல்லித்தர ஆள் இல்லை. வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்க்கமாட்டாள்.

அந்தத் தொப்பி மனிதர் அவளிடம் என்ன சொல்கிறார்? கையை அசைக்கிறார். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்கிறாரா? கப்பல் வீட்டுப் போட்டோவில் அவள் தோள் விழுகிறதாம். நகர்கிறாள், பாருங்கள். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல் நகர்கிறாள். என்னிடம் மட்டும்தான் அந்த வாய் எல்லாம்.

உங்கள் போன் எங்கே? உங்கள் வீட்டுக்காரரிடமா? அவர் அந்தக் கும்பலில் யார்? சரி, விடுங்கள். நானே கேட்கிறேன். கொஞ்சம் வழி விடுங்கள்.

"சார்! தொப்பி சார்! உங்களைத்தான். இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்க. என் வீடு அடுத்த ஞாயித்துக்கிழமையும் இங்கேதான் இருக்கும், அப்ப எடுத்துக்குங்க. இப்ப அந்த வீட்டை எடுங்க. ஆமா, அதைத்தான். அந்தம்மாவைத் தள்ளி நிக்கச் சொல்லாதீங்க, நடுவுல நிக்க வெச்சு எடுங்க. என்னங்க, நீங்களாவது சொல்லுங்களேன் அவர்கிட்ட. ஏம்மா, நீங்க, நீலச் சுடிதார், கையில போன் இருக்கில்ல? அவங்க பையன் கார் கதவைத் திறந்துட்டான். சார், அந்த மைக்கை அணைச்சுட்டு ஒரு நிமிஷம் கேளுங்க சார். ஒரே ஒரு போட்டோ. நீங்க எடுக்கறதை அவங்க பார்க்கிற மாதிரி எடுங்க."